ஹந்தானைக்கு ஏறி வந்த மூன்று மீன்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் ஒரு மீன் சாகிறது. அதைக் கொன்றவன் நான்தான். பிறகு யாரும் துப்பறிந்து கண்டுபிடிக்க வேண்டாம்.

என் பெயர் விவேகானந்தன். பருத்தித்துறையில் பிறந்தவன். கண்டித் தபால் கந்தோரில் இருபத்தாறு வருடமாக வேலை. ஹந்தானைச் சரிவில் உள்ள ஒரு வீட்டின் மேல்தளத்தில் நானும் மனைவி இரஞ்சிதமும் குடியிருக்கிறோம். கீழ்த்தளத்தில் கலாராணியும் அவள் கணவன் லெட்சுமணனும் இருக்கிறார்கள். லெட்சுமணன் வான் ஓட்டுகிறவன். கோயிலுக்கும் கடலுக்கும் போகிற குடும்பங்களைத் திருகோணமலைக்கு ஏற்றிப் போய் ஏற்றி வருவான். கலாராணி, பேராதனையில் ஒரு மாணவர் விடுதியின் தலைமைச் சமையல்காரி. பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, பதினாறு வயதில் ஒரு பங்களாவின் குசினிக்கு வேலைக்கு வந்தவள். அன்றிலிருந்து இன்றுவரை யாருக்காவது சமைத்துப் போட்டுக்கொண்டேதான் இருக்கிறாள். அவளுக்கு இப்போது நாற்பத்து மூன்று வயது.

கடலை அவள் முதன்முதலில் பார்த்தது நாற்பத்தொரு வயதில். லெட்சுமணனின் வானில் ஒரு இருக்கை காலியாக இருந்ததால் திருகோணமலைக்குப் போனாள். மற்றவர்கள் எல்லாம் கடலில் குளித்துக் கூச்சல் போட, இவள் பாறைகளுக்கு நடுவே தேங்கிய தண்ணீரைப் பார்த்தபடி மூன்று மணித்தியாலம் குந்தியிருந்தாளாம். அதற்குள் கட்டைவிரல் அளவில் ஒரு நீல மீன் ஓடியிருக்கிறது.

"எனக்குத் தெரிஞ்ச கடல் மீனெல்லாம் கண்ணு செவந்து ஐஸ்ல கெடந்ததுதான் சார்," என்று திரும்பி வந்து என்னிடம் சொன்னாள். "இருவத்தஞ்சு வருசமா எத்தனை ஆயிரம் மீன அறுத்திருப்பேன்? ஒண்ணாச்சும் உசிரோட எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. பாருங்க, எவ்வளவு பெரிய வெக்கக்கேடு."

இதிலே வெட்கப்பட என்ன இருக்கிறது என்று நான் நினைத்தேன். பைத்தியம் என்றும் நினைத்தேன். நினைத்ததைச் சொல்லாமல் விடுகிற பழக்கம் எனக்கு இல்லாததால் சொல்லியும் வைத்தேன். அவள் கேட்டுக்கொண்டாள். அடுத்த மாதமே கண்டியில் ஒரு கண்ணாடிக் கடையில் இரண்டரை அடி நீளத் தொட்டி ஒன்றைச் செய்து எடுத்து வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு லெட்சுமணனுக்கு நிம்மதி இல்லை. ஒவ்வொரு பயணத்திலும் வானின் பின்பக்கத்தில் பிளாஸ்டிக் கான்கள். கடல் தண்ணீர், கடல் மணல், செத்த பவளக் கற்கள். "ஆளுங்க கோணேசர் கோயிலுக்குப் போயி புண்ணியம் தேடுறாங்க, நான் கல்லு பொறுக்குறேன்," என்று அவன் புலம்புவான். ஆனால் ஒரு தடவைகூட வெறுங்கையோடு வந்ததில்லை.

தண்ணீர் நிறைந்ததும் மீன் வரும் என்று பார்த்தால், உரித்த பச்சை இறால் ஒன்றைத் தொட்டிக்குள் போட்டு அழுகவிட்டாள். நாற்றம் மேல்மாடிவரை வந்தது. தொட்டிக்குள் அழுக்கைத் தின்கிற நுண்ணுயிர்கள் முதலில் வளர வேண்டுமாம், அதற்கு ஒன்றரை மாதம் பிடிக்குமாம், யூடியூப்பில் பார்த்தாளாம். குக்கரை இறக்கிவிட்டு இரண்டு நிமிடம் சும்மா இருக்க முடியாதவள், வெறும் தண்ணீருக்கு முன்னால் ஒன்றரை மாதம் காத்திருந்தாள். அப்போதுதான் இது விளையாட்டில்லை என்று எனக்கு உறைத்தது.

ஆடி மாதக் கடைசியில் அவளே திருகோணமலைக்குப் போனாள். ஹலீம் என்ற மீனவர் பாறை ஓரத்தில் கைவலை போட்டு மூன்று மீன்களைப் பிடித்துக் கொடுத்தார். மஞ்சள் முதுகில் கறுப்புக் கோடு போட்டவை இரண்டு, நீலம் ஒன்று. வலையில் வந்தால் திருப்பி எறிகிற மீன்களாம்.

"ஒன்னு மட்டும் பாத்துக்கங்க தங்கச்சி," என்று ஹலீம் சொல்லி அனுப்பியிருந்தார். "சொகமில்லாத மீன் தீன் எடுக்காது. தின்னுதுன்னா பயமில்ல."

அவளும் பதிலுக்கு அவரிடம் ஒரு வாக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். புரட்டாசிக்குள் மீன்கள் தேறாவிட்டால், பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விட்டுவிடுவதாக. ஐப்பசி பிறந்தால் அந்தப் பக்கத்துக் கடல் குழம்பிவிடும், பாறைக்குக் கிட்டப் போக முடியாது. எனவே புரட்டாசிதான் கெடு.

தக்கை போன்ற வெள்ளை ரெஜிபோம் பெட்டியில், பற்றரியில் ஓடும் காற்றுக் குழாயோடு, அந்த மூன்றும் மலை ஏறி வந்தன. இரவுக் குளிரில் விறைத்துப் போகாமலிருக்கத் தொட்டியில் ஹீட்டரும் போட்டிருந்தாள். வந்த மூன்றாம் நாளே இறால் துணுக்கைத் தின்றன. வெள்ளி சனியில் அவள் வீட்டில் கவுச்சி படாது. அதனால் வியாழனே இறாலைப் பொடியாக அரிந்து குளிர்சாதனப் பெட்டியில் தனி டப்பாவில் வைத்துவிடுவாள். வீட்டுக்காரனுக்கு விரதம், மீனுக்கு விரதமில்லை.

இனி என் பங்கு வருகிறது.

ஹீட்டர் போட்டதால் தண்ணீர் தினமும் ஒரு விரல் அளவு வற்றியது. வற்றியதை எதனால் நிரப்புவது என்று கலாராணி யோசித்துக்கொண்டிருந்தபோது, கூப்பிடாமலே நான் போய் மூக்கை நுழைத்தேன்.

"வீடியோவுல அந்த தம்பி என்னமோ நல்ல தண்ணி ஊத்தணும்னு சொன்னாரு சார்," என்றாள்.

"அந்தப் பெடியன் கடலைக் கண்டவனோ தெரியேல்ல," என்றேன். "தங்கச்சி, கடல் மீனுக்குக் கடல் தண்ணிதான் விட வேணும். நல்ல தண்ணி பட்டா செத்துப் போகும். நான் கடற்கரையில பிறந்தவன், எனக்குத் தெரியாதோ?"

மீன் குஞ்சுக்கு நீந்தப் பழக்க வேண்டுமா என்கிற மிதப்பு எனக்கு. அவளோ வயதுக்கும் படிப்புக்கும் மரியாதை கொடுக்கிறவள். பருத்தித்துறை சார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று, கானில் இருந்த கடல் தண்ணீரைத் தினமும் ஊற்றி நிரப்பினாள்.

மூன்று வாரம் போனது. கோடு போட்ட மீன்கள் இரண்டும் மூச்சு வாங்கத் தொடங்கின. நீலம் கல்லுக்குப் பின்னால் போய் ஒளிந்தது. இறாலைப் போட்டாலும் வெளியே வரவில்லை. ஆவணி முடிய நாலு நாள் இருக்கும்போது கோடு போட்டதில் சின்னது செத்து மிதந்தது. விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பியபோது அவள்தான் பார்த்தாள்.

அதை ஒரு வாழையிலைத் துண்டில் சுற்றி, கறிவேப்பிலை மரத்தடியில் புதைத்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"கடல்ல நல்லாத்தான இருந்துச்சுங்க," என்றாள். "நான் ஆசப்பட்டு புடிச்சாந்தேன். வச்சிக்கத் தெரியலன்னா திருப்பி விட்டுறணும் சார். அதுக்கு வெக்கப்படக் கூடாது."

புரட்டாசி நடுவில் லெட்சுமணனுக்கு அந்தப் பருவத்தின் கடைசித் திருகோணமலைப் பயணம் இருந்தது. மிச்ச இரண்டையும் அதில் கொண்டுபோவதென்று முடிவாயிற்று. அன்று மாலை தொட்டிக்கு முன்னால் லெட்சுமணன் தனியாகக் கதிரை போட்டு உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன்.

அடுத்து வந்த பௌர்ணமி போயா தினம், கந்தோர் விடுமுறை. விடுதிப் பிள்ளைகளுக்கோ போயாவிலும் பசிக்கும். கலாராணி வழக்கம்போல வேலைக்குப் போயிருந்தாள். பின்னேரம் வந்ததும் உடுப்புக்கூட மாற்றாமல் படிக்கட்டின் கீழே நின்று கூப்பிட்டாள்.

"சார், கொஞ்சம் கீழ வாங்க. அக்கா, நீங்களும் வாங்க."

போனோம். இரண்டு தேக்கரண்டிகளை நீட்டினாள். ஒன்றில் கானில் இருந்த கடல் தண்ணீர், மற்றதில் தொட்டித் தண்ணீர். நாக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னாள். முதலாவது கடல். இரண்டாவதை நான் யன்னலுக்கு வெளியே துப்பினேன். உப்பு தொண்டையை அறுத்தது.

"இன்னிக்கு சீலா மீன் கொழம்ப அடுப்புல வச்சிட்டு போன் பேசப் போயிட்டேன் சார்," என்றாள். "வந்து பாத்தா வத்திப்போயி ஒரே உப்பு. சுடுதண்ணி எடுத்து ஊத்துறேன், அப்பதான் மண்டையில அடிச்ச மாதிரி இருந்துச்சு. கொழம்பு வத்துனா உப்பா வத்துது? தண்ணி மட்டுந்தான வத்துது. உப்பு சட்டியிலயேதான கெடக்குது. அதுல போயி மேல மேல கொழம்பயே ஊத்துனா?"

ஆனையிறவு உப்பளத்தை எத்தனை தடவை கடந்திருப்பேன்! கடல் தண்ணீரைக் கட்டி வெயிலில் வற்றவிட்டால் மிஞ்சுவது உப்பு என்று என் ஊர்ப் பாதையே அள்ளிக் குவித்துக் காட்டுகிறது. தொட்டியின் விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருந்ததையும் தினமும் பார்த்தேன். கண்ணாடி அழுக்கு என்று நினைத்தேன்.

"நீங்கள் வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்," என்றாள் இரஞ்சிதம். இருபத்தொன்பது வருடத் தாம்பத்தியத்தில் அவள் சொன்ன மிகச் சரியான சொல் அது.

"என்னிலதான் பிழை, தங்கச்சி," என்றேன்.

அவள் திட்டவில்லை. "அதுக்கு இப்ப நேரமில்ல சார்," என்றாள். ஒரேயடியாக நல்ல தண்ணீரை ஊற்றினால் குழம்பும் கெடும், மீனும் தாங்காது. மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை ஒரு கோப்பை தொட்டித் தண்ணீரை வெளியே எடுத்து, ஒரு கோப்பை கிணற்றுத் தண்ணீரை மெதுவாக உள்ளே விட வேண்டும். ஆனால் அவள் பகல் முழுக்க விடுதியில். லெட்சுமணன் வானோடு தெருவில்.

நான் ஐந்து நாள் சுகவீன லீவு போட்டேன். யாருக்குச் சுகமில்லை என்று கந்தோரில் யாரும் கேட்கவில்லை.

ஐந்து நாளும் கோப்பையும் கையுமாக அந்தக் கதிரையில் இருந்தேன். வேலை முடிந்து வந்ததும் அவள் முதலில் நாக்கில் ஒரு துளி வைத்துப் பார்ப்பாள். "இன்னும் கொஞ்சம்." மறுநாள், "இன்னும் கொஞ்சந்தான்." ஆறாம் நாள், கானிலும் தொட்டியிலும் மாறி மாறி ருசி பார்த்துவிட்டு, "உப்பு சரி," என்றாள். நூற்றைம்பது பிள்ளைகளின் சாப்பாட்டுக்கு உப்புப் பார்க்கிற நாக்கு அது.

கோடு போட்ட மீன் இரண்டு நாளில் தின்னத் தொடங்கியது. நீலம் மட்டும் கல்லை விட்டு வரவில்லை. அதுதானே அவள் முதலில் பார்த்த நிறம். பயணநாள் கிட்டக் கிட்ட, அவள் ரெஜிபோம் பெட்டியைக் கழுவிக் காய வைத்தாள்.

அன்று காலை வான் வாசலில் நின்றது. பின்னால் வெறும் கான்கள், பெட்டி, காற்றுக் குழாய், எல்லாம் ஏற்றியாயிற்று. லெட்சுமணன் உள்ளே வந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் இரஞ்சிதமும் கீழே இறங்கி வந்திருந்தோம். கலாராணி ஒரு கையில் சின்ன வலையும் மறு கையில் இறால் துணுக்குமாகத் தொட்டிக்கு முன்னால் நின்றாள்.

"கடைசியா ஒருக்கா குடுத்துப் பாக்குறேன்," என்றாள்.

கையை முழங்கைவரை தண்ணீருக்குள் விட்டு, இறால் துணுக்கைக் கல்லின் ஓரத்தில் பிடித்தாள். கோடு போட்டது வந்தது. புறங்கையால் அதைத் தள்ளிவிட்டாள். நாங்கள் நாலு பேரும் மூச்சுவிடாமல் பார்த்தோம். வெளியே யாரோ பயணி, "டிரைவர், போகலாமா?" என்று கேட்டார்.

கல்லின் பின்னாலிருந்து நீலம் தலையை நீட்டியது. நின்றது. பிறகு ஒரே பாய்ச்சலில் வந்து இறாலைப் பறித்து விழுங்கிவிட்டு, அந்த வேகத்திலேயே திரும்பி அவள் விரலை ஒரு கடி கடித்தது.

"ஆத்தாடி! கடிக்குது சார்!" என்று கத்தினாள். கையை எடுக்கவில்லை. அது மறுபடியும் கடித்தது. இது என் இடம், கையை எடு என்கிற கடி. கலாராணி சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். இரஞ்சிதமும் அழுதாள். நானும்தான், ஏன் மறைக்க வேண்டும்?

லெட்சுமணன் போய் வானிலிருந்து ரெஜிபோம் பெட்டியை இறக்கி உள்ளே கொண்டுவந்து வைத்தான். "அப்ப கான் மட்டுந்தான?" என்றான்.

"கான் மட்டுந்தான். மழக்காலம் முழுக்க பழைய தண்ணிய மாத்தி ஊத்த கடல் தண்ணி வேணும். ஹலீம் நானாகிட்ட தேறிருச்சின்னு சொல்லுங்க," என்றாள். ஹலீம் கையில் கொடுக்க ஒரு பொதி சோறும் கட்டியிருந்தாள். வாக்கு எந்தப் பக்கம் போனாலும் அவருக்குச் சோறு போக வேண்டும் என்று நினைத்திருக்கிறாள்.

யாரும் கூப்பிடாமல் நானும் வானில் ஏறினேன். இந்தத் தடவை தண்ணீரை நான் சுமக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. வான் கிளம்பும்போது அவள் யன்னலருகே ஓடி வந்தாள்.

"சார், ஆத்துத் தண்ணி வந்து விழுற எடத்துல அள்ளிறாதீங்க. படகு நிக்கிற எடமும் வேணாம், எண்ணெ இருக்கும். பாற பக்கமா, இடுப்பளவுக்கு எறங்கி எடுங்க."

"ஓம்," என்றேன். கடற்கரையில் பிறந்தவன் நான்.

பின்னேரம் அந்தப் பாறை ஓரத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று பதினாறு கான்களை நிரப்பினேன். ஹலீம் ஒவ்வொன்றாகக் கரைக்கு வாங்கி வைத்தார். முடிந்ததும் ஒரு துளியை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, கைபேசியில் அவளைக் கூப்பிட்டேன்.

"தங்கச்சி, உப்பு சரியா இருக்கு," என்றேன்.

"நீங்க சொல்றத நம்பமாட்டேன் சார்," என்றாள். பின்னணியில் தொட்டிக் காற்று கொப்பளிக்கிற சத்தம் கேட்டது. "கொண்டுக்கிட்டு வாங்க. நானே பாத்துக்குறேன்."