பதினாறாவது பிளாக்கின் இலையுதிர்காலம்

நெய்வேலியில் இலையுதிர்காலம் உண்டு. இதை நான் இன்னும் வாதாடித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதே எரிச்சலாக இருக்கிறது. ஐரோப்பியப் புத்தகங்கள் சொல்லும் மாதங்களில் அது இங்கே வராது. அப்போது ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருக்கும். நம் பழைய பருவக் கணக்கில் அது கூதிர். ஈரமும் குளிரும் உண்டு, நிறம் கிடையாது. எங்கள் நிறம் மழை ஓய்ந்த பிறகு, மார்கழிக் கடைசியில் நாட்டு வாதாமரங்களில் ஏறும். தை முழுக்க நிற்கும். எந்த வருடம் எந்தத் தேதியில் முதல் சிவப்பு இலையைப் பார்த்தேன் என்று கேட்டால் என்னால் சொல்ல முடியும். யாரும் கேட்டதில்லை.

நான் சுரங்கத்தின் வரைபடப் பிரிவில் வேலை பார்ப்பவன். ஷிஃப்ட் முடிந்ததும் வாட்டர்கலர் பெட்டியோடு டவுன்ஷிப்பின் பதினாறாவது பிளாக் சாலையோர மதகில் போய் உட்காருவேன். ஐந்து மணியை ஒட்டி வெயில் தென்மேற்கிலிருந்து சாய்ந்து வரும். கோடையில் எல்லாவற்றின் மேலும் படிந்திருக்கும் அனல்மின் நிலையச் சாம்பல் பூச்சை மழை கழுவி எடுத்திருக்கும். வெளிச்சம் இலையின் மேல் விழாது. உள்ளே புகுந்து மறுபக்கம் வரும். ஒரே இலையில் நரம்பு பச்சை, ஓரம் மஞ்சள், நடுவில் செம்பு, காம்பருகே நாவற்பழக் கறை. அந்தச் சிவப்பைக் கெட்டியாகக் குழைத்து வைத்தால் செங்கல்லாகிவிடும். மெல்லிய மஞ்சளைப் பூசிக் காயவிட்டு, அதன் மேல் சிவப்பை ஓட்ட வேண்டும். பனி ஈரத்தில் காகிதம் சீக்கிரம் காயாது. காய்வதற்குள் வெளிச்சம் போய்விடும். அதனால் ஒரு படத்துக்குப் பல மாலைகள் ஆகும்.

வாதாமரங்களோடு அந்தச் சாலையை அப்படி வரைந்த படம் ஒன்றைப் போன தை மாதம் ஊரிலுள்ள ஒரு மன்றத்தின் ஓவியக் கண்காட்சிக்குக் கொடுத்தேன். தலைப்பே இலையுதிர்காலம்தான். தேர்வாகும் படத்தை மன்றக் கூடத்தின் வாசல் சுவரில் நிரந்தரமாக மாட்டுவதாகச் சொல்லியிருந்தார்கள். கல்யாணம், கூட்டம், பிள்ளைகளின் போட்டி என்று ஊரே கடந்துபோகும் சுவர் அது. எனக்கு அந்தச் சுவர் வேண்டியிருந்தது. தினமும் பதினாறாவது பிளாக் சாலையில் போகிறவர்கள் ஒரு தடவையாவது அதைப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

என் படம்தான் தேர்வானது. திறப்பு விழாவுக்கு மனைவியோடு போனேன். படத்தின் கீழே ஒட்டியிருந்த சீட்டில் இருந்தது: காஷ்மீரில் இலையுதிர்காலம்.

மன்றச் செயலாளரைத் தேடிப் பிடித்துக் கேட்டேன்.

“நீங்க படத்துக்குப் பின்னாடி எழுதியிருந்ததைப் பார்த்தேன் சார். பதினாறாவது பிளாக்குன்னு போட்டா யார் சார் நம்புவாங்க? சிரிப்பாங்க.”

அதற்குள் சிறப்பு விருந்தினர் மேடையேறிவிட்டார். காஷ்மீருக்குப் போய் வந்தவராம். “இந்த ரோட்டுல நான் நடந்திருக்கேன். இப்படியே போய்த் திரும்பினா ஏரி” என்றார். கைதட்டினார்கள்.

“திரும்பினா ரேஷன் கடை” என்றாள் என் மனைவி, என் காதருகில்.

விழா முடிந்ததும் சீட்டை மாற்றச் சொன்னேன்.

“சீஃப் கெஸ்ட் மைக்கிலேயே சொல்லிட்டாரு சார். இப்ப மாத்துனா அவர் மூஞ்சியை எங்க வெச்சுக்குவாரு?” என்றார் செயலாளர்.

“என் மூஞ்சியை நான் எங்க வெச்சுக்கறது?”

“உங்களுக்கென்ன சார், படம் செலக்ட் ஆயிடுச்சு.” கொஞ்சம் யோசித்து ஒரு சமாதானமும் சொன்னார். “ஒண்ணு பண்ணுங்க. மரத்துக்குப் பின்னாடி ஒரு சிம்னி போட்டுக் குடுங்க. நெய்வேலின்னே எழுதிடறேன்.”

“அங்கேருந்து சிம்னி தெரியாது. அது என் முதுகுப் பக்கம் இருக்கு.”

“படம்தானே சார், முன்னாடி கொண்டு வந்துட்டாப் போச்சு.”

சிம்னி மேல் எனக்குக் கோபமில்லை. என் வீட்டு அடுப்பு அதனால்தான் எரிகிறது. ஆனால் புகை தெரிந்தால்தான் இது நெய்வேலி, அழகாக இருந்தால் வேறு ஊர் என்று யார் முடிவு செய்தது? வெளியூர்க்காரர்கள் சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம். சொல்கிறவர்கள் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். குவார்ட்டர்ஸ் வாசலில் விழும் அந்த இலைகளைக் காலையில் குப்பை என்று திட்டிக்கொண்டே பெருக்கி எரித்துவிட்டு, உள்ளே போய் ஹாலில் மாட்டியிருக்கும் சுவிட்சர்லாந்து காலண்டரை ரசிப்பவர்கள்!

வீட்டுக்கு வந்தும் கோபம் தணியவில்லை. “ஏங்க, பேர் எதுவா இருந்தா என்ன? படம் அங்க இருக்குமில்ல?” என்றாள் மனைவி.

“இருக்கும். பார்க்கிறவங்க காஷ்மீரைத்தான் பார்ப்பாங்க. நம்ம ரோட்டைப் பார்க்க மாட்டாங்களே.”

“அப்ப கழட்டிட்டு வந்துடலாம். வண்டில பின்னாடி உக்காந்து நான் பிடிச்சுக்கறேன்.”

கண்காட்சி முடிந்த நாள் போனோம். “அந்தச் சுவர் வேற ஆளுக்குப் போயிடும் சார், அப்புறம் வருத்தப்படுவீங்க” என்றார் செயலாளர். ஏற்கெனவே வருத்தமாகத்தான் இருந்தது. படத்தைக் கழற்றினேன்.

வாசலில், குள்ளஞ்சாவடிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வரும் வாட்ச்மேன் எழுந்து வந்தார். “இன்னா சார், காஷ்மீரு படத்த எடுத்துகினு போறீங்க? நாலு நாளா இதத்தான் பாத்துகினு உக்காந்திருந்தேன். அங்க ரொம்பக் குளுருங்களா?”

“இது பதினாறாவது பிளாக்குங்க.”

அவர் படத்தைப் பார்த்தார். என் மனைவியைப் பார்த்தார். சிரித்துவிட்டார். “போங்க சார், வெளயாடாதீங்க.”

அவரிடம் கோபப்பட முடியவில்லை. அந்தச் சீட்டை நம்பியது அவர் தப்பில்லை. அதை ஒட்டியவர்கள் மேல்தான் இன்னும் ஆறவில்லை. வாசல் சுவரில் இப்போது அச்சடித்த பனிமலை ஒன்று தொங்குகிறது. அது எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை.