அக்கா எடுக்காத மந்திரம்

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தன்று அந்தச் சாமான் அறைக்குள் இருந்தது மூன்று பேர்: அம்மா, அக்கா, நான். கதவுக்கு வெளியே எங்களை ஒளித்துவைத்த பக்கத்து வீட்டுச் சிங்கள ஆன்ட்டி.

இத்தனை வருடம் கழித்து, கொழும்பு வெள்ளவத்தை பிளாட்டில் என் மகள், மந்திரக்காரி மறைத்துவிட்ட ஒரு பையனின் கதையைச் சத்தமாக வாசிக்க, அந்த அறையின் மாசிக்கருவாட்டு மணம் என் மூக்கில் ஏறியது.

அன்று தெருவில் தமிழர் வீடுகள் எரிந்துகொண்டிருந்தன. எனக்கு அழுகையை அடக்கத் தெரியவில்லை. அக்கா எச்சில் தொட்டு என் நெற்றியில் வட்டம் போட்டாள்.

“மந்திரம் போட்டிட்டன். நான் எடுக்குமட்டும் நீ ஒருத்தருக்கும் தெரியமாட்டாய். மூச்சுக் காட்டாத.”

“உனக்குத் தெரியுறனோ?”

“ஆர் கதைக்கிறது?”

சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டேன். வாசலில் ஆன்ட்டி, எங்களைத் தேடி வந்தவனிடம், இங்கே யாருமில்லை தம்பி என்று சிங்களத்தில் சொல்வது கேட்டது. காலடிகள் விலகிப் போயின.

பிறகு அகதி முகாமில் காய்ச்சல் கண்டு அக்கா செத்துப்போனாள். மந்திரத்தை அவள் எடுக்கவேயில்லை. இன்றும் யாராவது கதவைத் தட்டினால் நான் மூச்சை அடக்கிக்கொள்கிறேன்.

“அந்தப் பெடியன் திரும்பத் தெரிவானோ?” என்று மகளிடம் கேட்டேன்.

“ஓம் அம்மா. மந்திரம் போட்டவளே வந்து எடுப்பாள்.”

“அவள் வராட்டி?”

மகள் கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தாள்.

“அப்பிடி ஒண்டும் இதில எழுதேல்லை அம்மா.”