சின்னம்மா கடைக்கு விழுந்த கட்டுப்பாடு

பொன்னேரி போகும் பஸ்ஸில்தான் அந்த யோசனை தோன்றியது. கைபேசியில் காசாவின் கரை. கடலில் போட்ட எல்லையைத் தாண்டினால் ராணுவப் படகுகள் சுடும் என்பதால் ஒருவர் கரையோரமாகவே வலை வீசிக்கொண்டிருந்தார். முந்தின நாள் இதை மீன்பிடிக்கும் என் நைனாவிடம் காட்டியபோது, "கடலுக்குப் போவாதன்னு சொல்றதுக்கு அவன் யாரு?" என்று மட்டும் கேட்டார். இப்போது என் கையில் ஒரு குளிர்பானப் பாட்டில். அந்தக் கம்பெனி அங்கே சுடுகிறவர்களோடு தொழில் செய்கிறது, பாலஸ்தீனர்களின் உரிமைக்காக அதை வாங்காதீர்கள் என்று கல்லூரித் தோழிகள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மூடியைத் திறக்காமல் பைக்குள் போட்டேன். எங்கள் குப்பமே இதை வாங்குவதை நிறுத்தினால் என்ன?

அன்று மாலையே லைட்ஹவுஸ் குப்பத்தில் வாலிபால் ஆடும் தம்பிகளிடம் பேசினேன். படத்தைக் காட்டியதும் கொதித்துவிட்டார்கள். "நீ சொல்ட்ட இல்ல, வுடுக்கா. நாங்க பாத்துக்கறோம்."

பார்த்தும்கொண்டார்கள். ஊர் பேச்சை மீறி யாராவது கடலுக்குப் போனால் எங்கள் குப்பத்தில் கட்டுப்பாடு போடுவார்கள். அந்த வீட்டோடு கொடுக்கல் வாங்கல் இருக்காது, பேச்சும் இருக்காது. தம்பிகளுக்குத் தெரிந்த புறக்கணிப்பு அது ஒன்றுதான். அந்தப் பாட்டில் விற்பது என் சின்னம்மாவின் பெட்டிக்கடையில்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சின்னம்மா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"நான் இன்னாடி தப்பு பண்ணேன்? முட்ட வாங்க வர்ற பொண்ணுகூட மூஞ்சத் திருப்பிக்கினு போவுது. ஊர்ல என்னைத் தள்ளி வெச்சிட்டாங்களா?"

கடை அவளுக்குச் சோறு. அதைவிட, சித்தப்பா போய்ச் சேர்ந்த பிறகு நாலு பேர் அவளோடு பேசும் இடம் அது ஒன்றுதான். நான் தம்பிகளிடம் ஓடினேன்.

"பாட்டிலைத்தாண்டா நிறுத்தச் சொன்னேன், கடையை இல்ல."

"பாட்டில் தானா நடந்து வந்து ஃப்ரிட்ஜ்ல குந்திக்கிச்சாக்கா?"

சிரிப்பு வந்தது. ஒருவரை விடாமல் எல்லோரும் சேர்ந்து நிற்பது எங்களுக்குக் கைவந்த பழக்கம். பெரிய கம்பெனிகளை அசைக்க அந்த ஒற்றுமைதான் வேண்டும். ஆனால் கடலை அடைத்துவிட்டார்கள் என்று யாருக்காகவோ வருந்திக்கொண்டு, பக்கத்திலேயே ஒருத்தியின் கதவை அடைத்திருந்தோம். கம்பெனிக்கு வலிக்கவே இல்லை.

தம்பிகளைக் கடைக்கே கூட்டிப்போனேன். அசடு வழிய முட்டையும் பிஸ்கட்டும் வாங்கினார்கள். படத்தைச் சின்னம்மாவும் பார்த்தாள். வெகுநேரம் கைபேசியைத் திருப்பித் தரவில்லை.

"இத மொதல்லயே என்கிட்ட சொல்லிருக்கலாமில்ல? விக்க வேணான்னா விக்கல. ஆனா இந்த ஃப்ரிட்ஜு அந்தக் கம்பெனிக்காரன் குட்த்தது. தூக்கிக்கினு பூட்டான்னா பால் பாக்கெட்ட எங்கடி வெப்பேன், உன் தலமேலயா?"

கம்பெனிக்கு வலிக்க வேண்டுமென்றால், எங்கள் கல்லூரி நிர்வாகம் தன் பணத்தை எந்தக் கம்பெனிகளில் போட்டிருக்கிறது என்றும் கேட்க வேண்டும். தோழிகள் தயாராகத்தான் இருக்கிறார்கள். ஆனால் முதலில் பால் பாக்கெட்.

நைனாவின் படகில் பழைய ஐஸ் பெட்டி ஒன்று சும்மா கிடக்கிறது. நாளைக் காலையில் தம்பிகளும் நானும் சோப்புப் போட்டுத் தேய்க்கப் போகிறோம். பாலும், அந்தப் பாட்டிலுக்குப் பதில் விற்கப்போகும் பன்னீர் சோடாவும் அதில் சாயங்காலம் வரை சில்லென்று நிற்குமா, முக்கியமாக, சோடாவில் கவலை மீன் வாடை அடிக்காமல் இருக்குமா என்று பார்க்க வேண்டும்.