அய்யாத்துரை கொடுத்த பாட்டில்

தாராவியில் தோலுக்குச் சாயம் போடும் அய்யாத்துரையின் விரலைப் பார்த்தாலே அன்றைக்கு என்ன கலர் ஆர்டர் என்று சொல்லிவிடலாம். முப்பது வருஷமாக நகக்கண்ணில் சாயம் போனதில்லை. அதனால்தான் ஒருநாள் சிறுநீர் சிவப்பாகப் போனபோது, "நேத்து பூரா மெரூன்லா போட்டேன், அதான்" என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். கையில் ஒட்டிய சாயம் மூத்திரப்பைக்கு எந்த வழியாகப் போகுமாம்? அட மனுஷா!

அந்த வாரமே ஆஸ்பத்திரிக்காரர்கள் பட்டறைக்கு வந்தார்கள். சாயவேலைக்காரர்களுக்கு மூத்திரப்பையில் புற்று வரும் ஆபத்து அதிகமாம். சிறுநீரில் உதிர்ந்து வரும் செல்களில் ஒரு மருந்தைக் கலந்து நீல வெளிச்சத்தில் வைத்தால், புற்றுச் செல் சிவப்பாக ஒளிருமாம். சிறுநீர் பிடித்துத் தர ஆளுக்கொரு பாட்டில் கொடுத்துவிட்டுப் போனார்கள். அய்யாத்துரைக்குத் தன் சிவப்புச் சிறுநீர் ஞாபகம் வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கக் கிளம்பினார்.

மறுநாள் காலை பாட்டிலை மனைவி முருகம்மாளிடம் நீட்டினார்.

"ஏட்டி, இதுல நீ கொஞ்சம் புடிச்சிக் குடு."

"ஐயே! ஒங்களுக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு?"

"எனக்குச் சீக்குன்னு பட்டறைச் சேட்டுக்குத் தெரிஞ்சா வேலைக்கே லஃப்டா ஆயிரும், நிப்பாட்டிருவாரு. ஒனக்குத்தான் ஒரு தலவலிகூடக் கெடையாதே!"

வீட்டிலேயே உட்கார்ந்து பெல்ட் ஓரங்களுக்குச் சாயம் தடவிக்கொண்டிருந்தவள், தலையில் அடித்துக்கொண்டு சிரித்தபடி பாட்டிலை வாங்கிக்கொண்டு எழுந்து போனாள்.

பத்தாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. முருகம்மாளும் துணைக்குக் கிளம்பிவிட்டாள். அவளை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு இவர் மட்டும் உள்ளே போனார்.

டாக்டர் சாருலதா கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். கறுப்புத் திரையில் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள்.

"இது உங்க ஸாம்பிள். சிவப்பா தெரியறதெல்லாம் புற்றுச் செல்லா இருக்கலாம்னு சந்தேகப்படறோம். சீக்கிரமே உள்ளே கேமரா விட்டுப் பாத்துடணும்."

அய்யாத்துரைக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"அது... அது என்னுது இல்லம்மா."

"பின்னே யாரோடது?"

கதவுப் பக்கம் கையைக் காட்டினார். கண்ணாடி வழியே இவரைப் பார்த்த முருகம்மாள், பயப்படாதீர்கள் என்பதுபோல் கையசைத்தாள். அவள் விரல் நுனியிலும் சாயம் இருந்தது. பதினெட்டு வருஷமாக அவள் செய்ததை அவர் ஒரு வேலையாகவே நினைத்ததில்லை. பாவி, அவளுக்கும் ஒரு பாட்டில் கேட்கவேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

"ரெண்டு பேரும் இன்னிக்கே ஸாம்பிள் குடுத்துட்டுத்தான் போகணும்" என்றார் டாக்டர்.

சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். முருகம்மாள் பதறி எழுந்தாள்.

"என்ன சொன்னாவ? ஒங்க வேலைக்கு ஒண்ணும் லஃப்டா இல்லியே?"