பேச்சிமுத்து மாமா பேசாதிருந்த இரண்டு மாதங்கள்

பேச்சிமுத்து மாமா இறந்துவிட்டார் என்று என் நண்பன் சேகர் வந்து சொன்னபோது நான் சிரித்தேன். "சிரிக்காதடா. உன்ன மாதிரி கத உட்றவனா நானு? நெஜமாத்தான் சொல்றேன். காலைல நெஞ்சு வலியாம்," என்றான். இந்தக் குடியிருப்பில் பொய்ச்செய்திக்கு மொத்தக் குத்தகைதாரன் நான்தான். மெய்ச்செய்தி வந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை.

அவருக்காக இங்கே கூடியிருக்கும் உங்களுக்கும் அவரைத் தெரியும். அம்பாசமுத்திரத்துக்காரர், தொழிற்சாலையில் லேத் ஓட்டியவர், அத்தை போனபின் தனியாக இருந்தவர். கிளி வளர்த்தவர் என்றும் சொல்வீர்கள். அது தவறு. வளர்க்காமல் இருக்கப் பாடுபட்டவர்.

போன வருஷம் பட்டம் விடும் காலத்தில் கண்ணாடித்தூள் பூசிய மாஞ்சா நூல் அறுத்து, இறக்கையில் ரத்தத்தோடு அந்தக் கிளி அவர் வாசலில் விழுந்தது. மஞ்சள் பற்றுப் போட்டு, கொய்யாப்பழம் ஊட்டித் தேற்றினார். காயம் ஆறியதும் அது வீட்டுக்குள் பறந்து அவர் தோளிலேயே உட்கார்ந்தது. விடுவதா, வைத்துக்கொள்வதா என்று தெருவே வழக்காடியது.

"உட்டா காக்கா கொத்திடும் சார். உனக்கும் பேச்சுத்தொணை வோணாமா?" என்றார் பால்காரர்.

மாமா சொன்னார்: "காக்காயக் கண்டா அதுக்கே பயம் வந்துரும். மனுசனக் கண்டால்லா தோள்ல வந்து உக்காருது? நம்மளக் கண்டு ஓடட்டும். அன்னைக்கு விடுவோம்."

அன்றிலிருந்து வீட்டுக்குள் அவர் வாய் திறக்கவில்லை. தீனி வைத்துவிட்டு முகம் திருப்பிக்கொள்வார். கிளி தோளுக்கு வந்தால் உதறுவார். யாராவது கூப்பிட்டால் உதட்டில் விரல் வைத்தபடி வெளியே வந்துதான் பேசுவார். 'பேசாமுத்து' என்று பெயர் மாற்றியவன் நான். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் ஷிப்டுக்குப் போனதும் ஜன்னலோரம் நின்று, கொய்யாத் துண்டு நீட்டி, "இன்னா மாமே" சொல்லிக்கொடுத்தேன்.

ஒரு மாதம் கழித்துச் சோதனை. தெருவில் ஐந்து பேரை ஒவ்வொருவராக உள்ளே அனுப்பினார். நான்கு பேரைக் கண்டு கிளி பரணுக்குப் பறந்தது. ஐந்தாவது நான். நேராக என் தோளுக்கு வந்து, "இன்னா மாமே" என்றது. வெளியே ஒரே சிரிப்பு.

மாமா திட்டவில்லை. வெளியே கூட்டி வந்து, "மொதல்லேருந்து ஆரம்பிக்கணும்டே," என்றார். குரல் துருப்பிடித்திருந்தது. அந்த வீட்டில் பேசுவதற்கு அவருக்கு இருந்தது அந்த ஓர் உயிர்தான். அதனிடமும் ஒரு மாதம் பேசாமல் இருந்திருக்கிறார். அதை நான் இரண்டு மாதமாக்கிவிட்டேன்.

இரண்டாம் மாதம் ஜன்னலுக்கு நானே காவல். வாலுப் பையன்களை விரட்டினேன், என்னையும் சேர்த்து.

ஒரு சாயங்காலம் ரத்தம் சொட்டும் விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு வெளியே ஓடி வந்தார். "கடிச்சிட்டுடே! நல்லாக் கடிச்சிட்டு!" அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலை ஜன்னலைத் திறந்தார். கிளி தூங்குமூஞ்சி மரத்துக்குப் போனது. அங்கே கத்திக்கொண்டிருந்த கூட்டத்தில் எது நம் கிளி என்று ஒரு நிமிஷத்துக்குமேல் தெரியவில்லை. மாமா மட்டும் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இனி வீட்டுக்குள்ள பேசலாம்," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "உள்ள வந்து இருடே. காப்பி போடுதேன்."

எதற்கும் எதிர்ப்பேச்சு வைத்திருப்பவன், "டியூஷன் இருக்கு மாமா" என்று சொல்லிவிட்டு ஓடினேன். அவர் அப்புறம் கூப்பிடவில்லை. நானும் போகவில்லை.

அவர் நினைவாக உங்களிடம் எவ்வளவோ இருக்கும். என்னிடம் அந்த "இருடே" ஒன்றுதான். அன்றைக்கு எனக்கு டியூஷனே கிடையாது.