பெரியப்பாவிடம் மிஞ்சிய ராகம்

தேனியில் என் தம்பியைச் சேர்த்திருக்கும் மருத்துவமனையில், பக்கவாதம் வந்தவர்களுக்குப் பயிற்சி தரும் அறையின் வாசலில் ஏழு நாற்காலிகள் கிடக்கின்றன. இரண்டில் உட்கார முடியாது. மீதி ஐந்துக்கு ஒன்பது பேர் காத்திருக்கிறோம். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எண்ணினால் எரிச்சல் வருகிறது, எண்ணாவிட்டால் பயம் வருகிறது.

உள்ளே, மதுரையிலிருந்து வரும் ஒரு பெண் ஆராய்ச்சி செய்கிறாள். மூளையில் அடைப்பு வந்து பேச்சை இழந்தவர்களை, தெரிந்த ராகத்தில் சொற்களை ஏற்றிப் பாடவைத்துத் திரும்பவும் பேசவைக்க முடியுமா என்பது அவளுடைய கேள்வி. அவள் என் தம்பியின் இடது கையைப் பிடித்து, மேசையில் மெல்லத் தட்டவைத்து, “தண்ணி வேணும்” என்று அசைக்கு ஒரு தட்டாகப் பாடினாள். படுத்ததிலிருந்து ஒரு சொல் பேசாதவன் அவளோடு சேர்ந்து அதைப் பாடினான்.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. “பாட வருதுல்ல, அப்பப் பேசுறதுக்கென்ன? வேணும்னே பேசாமக் கெடக்கானா?” என்றேன்.

“அப்படிச் சொல்லாதீங்க ஐயா. பேச்சு போனவங்க சில பேருக்குப் பாட்டு மட்டும் மிஞ்சும். அத வச்சுப் பேச்சக் கொண்டாரலாமான்னு பாக்குறோம். எல்லாருக்கும் பலிக்குமான்னு எங்களுக்கே இன்னும் தெரியாது. இவருக்குச் சின்ன வயசுலேருந்து மனசுல பதிஞ்ச ராகம் ஏதாச்சும் இருக்கா?”

இருந்தது. எங்கள் இருவருக்குமே இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எங்கள் ஊர் கோம்பைக்குப் பக்கத்தில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இருந்தது. தலைமுறைகளாக வேதத்தில், அதாவது கிறிஸ்தவத்தில், இருந்த ஊர். அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, அங்கே உபதேசியார். பங்குச் சாமியார் பூசைக்கு மட்டும் வந்து போவார். செபம் சொல்வதும் சாவு வீட்டில் பாடுவதும் பெரியப்பா. சாவுப் பாட்டுக்கு எங்கள் ஊரில் ராகம் ஒன்றே ஒன்று. முதலில் செத்தவரின் பெயரை இழுத்துப் பாடி நிறுத்துவார். அதன் பிறகுதான் பிரிவைச் சொல்லும் அடிகள் வரும். உயிரோடு இருப்பவரின் பெயரை அந்த ராகத்தில் விளையாட்டுக்குக்கூட யாரும் சொல்லமாட்டார்கள். அப்படிச் சொன்ன என் கூட்டாளி ஒருவனுக்கு அவன் அம்மாவே உதட்டில் சூடு வைத்தாள்.

ஊரார் பெயரையெல்லாம் இப்படி நீட்டி முழக்கிய பெரியப்பா, பெரியம்மாவின் பெயரை மட்டும் சொன்னதே இல்லை. “இந்தா” என்பார். அவசரமென்றால் “இந்தா, இந்தா” என்பார். அவர்களுக்குப் பிள்ளை இல்லாததால், பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடவும் வழியில்லை.

எனக்கு ஒன்பது வயதானபோது, திராட்சைக் கொடியைக் கவாத்து வெட்டிக்கொண்டிருந்த பெரியப்பா கொடிப் பந்தலுக்கு அடியிலேயே விழுந்தார். வலது கையும் காலும் விளங்காமல் போயின. பேச்சும் போயிற்று. வந்தால் வரும் என்று சொல்லிவிட்டு டாக்டர் போய்விட்டார். பெரியம்மா குளிப்பாட்டினார், ஊட்டினார், புரட்டிப் படுக்கவைத்தார். என் அம்மாவிடம் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்: “அவுக வாயத் தொறந்து என்னைய ஒரு வார்த்த வைஞ்சாப் போதும், தங்கச்சி.”

அடுத்த தெருவில் ஒரு கிழவர் இறந்தார். பெரியப்பாவுக்குப் பதிலாக யாரோ பாடினார்கள். ராகம் கோணிக்கொண்டு போனது. கட்டிலில் கிடந்த பெரியப்பா திடீரென்று பாட்டை எடுத்தார். முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை ஒரு சொல் பிசகவில்லை. வீட்டில் கூட்டம் கூடிவிட்டது. பெரியம்மா அழுதுகொண்டே சிரித்தார். பாட்டு முடிந்ததும், “ஏங்க, என்ன வேணும் சொல்லுங்க” என்றார். பெரியப்பா வாயைத் திறந்தார். “ப்பா, ப்பா” என்பதற்கு மேல் எதுவும் வரவில்லை.

“இம்புட்டுப் பாட்டுப் பாடுற மனுசனுக்கு ‘தண்ணி’ன்னு சொல்ல வராதா?” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. “உபதேசியாரு வீராப்பாயிருக்காக. பொண்டாட்டி மேல என்ன கோவமோ!”

அவள் கேலியாகத்தான் சொன்னாள். பெரியம்மாவின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

மறுநாளிலிருந்து பெரியப்பா ஒரு வேலையில் இறங்கினார். இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டுவார், தட்டிக்கொண்டே அந்த ராகத்தை முனகுவார், நிறுத்துவார், மறுபடி தட்டுவார். வியர்த்துக் கொட்டும். பக்கத்தில் உட்கார்ந்து சிலேட்டில் எழுதிக்கொண்டிருந்த எனக்குத் தட்டுகளை எண்ணுவது ஒரு விளையாட்டு. நான்கு தட்டோடு நிறுத்துவார். மறுபடியும் நான்கு.

ஒரு காலையில் பெரியம்மா கஞ்சி கொண்டுவந்தார். பெரியப்பா அவரைப் பார்த்தார். நான்கு தட்டுத் தட்டி, அந்த ராகத்தில், பெரியம்மாவின் பெயரை இழுத்துப் பாடினார்.

கஞ்சிச் சட்டி உடைந்தது. “உசுரோட நிக்கயிலேயே எனக்குச் சாவுப் பாட்டு எடுக்காகளே! மாதாவே, நான் என்ன கொற வச்சேன்?”

அம்மா ஓடிவந்து பிடித்துக்கொண்டாள். “அவுகளுக்குப் புத்தி தெளியலக்கா.”

“தெளியாமயா பேரு தப்பாம வருது? கட்டுன நாள்லேருந்து வராத பேரு?”

அப்பா கட்டிலருகே போய்க் கெஞ்சினார். “அண்ணே, மாதா பாட்டுப் பாடுங்க. வேற எதுனாச்சும் பாடுங்க.” பெரியப்பா தலையாட்டிவிட்டு மாதா பாட்டைத் தொடங்கினார். இரண்டு சொல் தாண்டுவதற்குள் அது சாவுப் பாட்டுக்குள் சரிந்தது. மறுபடி பெரியம்மாவின் பெயர் வந்தது. கூடவே அவர் கண்ணிலிருந்து நீரும் வந்தது. அந்த அழுகையைப் பார்த்து எங்கள் வீடு இன்னும் பயந்தது. உபதேசியார் அழுதுகொண்டே ஒரு பெயரைப் பாடினால் அதற்கு ஊரில் ஒரே அர்த்தம்தான்.

அந்த வாரமே பெரியம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. பாட்டுப் பலிக்கத் தொடங்கிவிட்டது என்றார்கள். கோம்பையிலிருந்து அவருடைய அண்ணன் மாட்டுவண்டியோடு வந்து இறங்கினார். “நீ கெளம்பு ஆத்தா. உன் சாவுக்கு நாள் பாக்குற ஆளுகிட்ட இனி இருக்க வேணாம்” என்றார். பெரியம்மா தயங்கினார். கட்டிலருகே வந்து, “போகவா?” என்று கேட்டார். பெரியப்பாவின் வாய் கோணித் துடித்தது. “ப்பா” என்றார். பெரியம்மா போய் வண்டியில் ஏறினார்.

அப்போது பெரியப்பா எழுந்தார். இடது கையை என் தோள்மேல் போட்டு, செத்த காலை இழுத்துக்கொண்டு வாசல்வரை வந்தார். அவருடைய முழுக் கனமும் என்மேல் இருந்தது. தோளில் விரல்கள் தட்டத் தொடங்கின. பெயரைப் பாடினார்.

பெரியம்மா முந்தானையால் இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு அலறினார். “ஏலே, அந்தாளு வாயப் பொத்துங்கடா!” என்று கத்தினார் அவருடைய அண்ணன். மாடுகள் மிரண்டன. அப்பா ஓடிவந்து, தேம்பிக்கொண்டே, தோளில் கிடந்த துண்டைப் பெரியப்பாவின் வாயில் வைத்து அழுத்தினார். வண்டி தெருமுனையில் திரும்பும்வரை அழுத்தியிருந்தார்.

அதன் பிறகு பெரியப்பா பாடவும் இல்லை, தட்டவும் இல்லை. கொடி மறுபடி காய்ப்பதற்குள் இறந்துபோனார். பெரியம்மா அடக்கத்துக்குத்தான் வந்தார்.

துண்டு வாயை மூடுவதற்கு முன் அவர் பாடியதில், பெயரை எல்லோரும் கேட்டார்கள். அதற்கு அடுத்து வந்ததை, அவர் நெஞ்சோடு ஒட்டி நின்ற நான் மட்டும்தான் கேட்டேன். பெயருக்கு நான்கு தட்டு. அதன் பிறகு சாவுப் பாட்டில் ஒரு நீண்ட அடி வரவேண்டும். அது எனக்கு மனப்பாடம். ஆனால் தோளில் விழுந்தவை ஐந்தே தட்டுகள். “இங்கன இரு” என்று பாடினார். மூச்சு வாங்கிவிட்டு, மறுபடியும், “இங்கன இரு.”

அப்படி ஓர் அடி அந்தப் பாட்டில் கிடையாது. ஊருக்கெல்லாம் பாடியவருக்கே பாட்டு மறந்துபோயிற்று என்று அந்த ஒன்பது வயதில் நினைத்துக்கொண்டேன். பெரியம்மாவிடம்கூட அதைச் சொல்லவில்லை.