சித்தப்பாவைத் தடுத்த புயல்

என் சித்தப்பா பொய் சொன்னார். புயல் வந்து ரயிலை நிறுத்திவிட்டது என்றார். புயல் அந்தப் பக்கமே வரவில்லை. ரயிலும் நிற்கவில்லை. இதை எழுத எனக்கு இத்தனை வருடம் ஆனதற்குக் காரணம், அவர் சொன்னதுதான் சரியோ, நான் வரைந்த புயல் படம்தான் தப்போ என்று நானே பாதி நம்பிக்கொண்டிருந்ததுதான்.

எழுபதுகளின் கடைசி. கோச்சடையில் எங்களுக்கு வாடகை வீடு. அப்பா ஓர் அலுவலகத்தில் கிளார்க். அவருடைய தம்பி, அதாவது என் சித்தப்பா, பி.எஸ்ஸி. முடித்துவிட்டு எங்களோடு இருந்தார். வானிலை இலாகா வேலைக்கான பரீட்சையை இரண்டு தடவை எழுதித் தேறவில்லை. வயது வரம்பு முடியப்போகிறது, இதுதான் கடைசி வாய்ப்பு. இது பால்காரருக்குக்கூடத் தெரியும்.

"என்ன தம்பி, இன்னைக்கு மழை உண்டா?" என்று பால் ஊற்றும்போதே கேட்பார்.

"பாஸ் பண்ணதுக்கப்புறம் கேளுங்கண்ணே. இப்பச் சொன்னா சம்பளம் யாரு தருவா?" என்பார் சித்தப்பா.

அம்மாவும் வத்தல் காயப்போடுவதற்கு முன் அவரிடம்தான் கேட்பாள். ஒரு தடவை மழை வராது என்று சொல்லி, மொட்டைமாடியில் காய்ந்த வத்தல் அத்தனையும் நனைந்தது. அம்மா அதையே பொரித்துத் தட்டில் வைத்து, "இது இலாகா வத்தல், தம்பி. நீங்களே தின்னு தீத்துருங்க" என்றாள். அவரும் முகம் கோணாமல் தின்றார்.

நான் ஒன்பதாம் வகுப்பு. அரையாண்டுத் தேர்வில் புவியியலுக்குப் புயல் பாடம் உண்டு. டீச்சர் மனப்பாடம் செய்யச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். வட அரைக்கோளத்தில் புயல்காற்று கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழலும், தென் அரைக்கோளத்தில் முள்ளோடு சுழலும். இது என் தலையில் ஏறவில்லை. புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு சித்தப்பாவிடம் போனேன். அவர் என்னைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போனார். அம்மா ஆட்டுரலில் மாவாட்டிக்கொண்டிருந்தாள்.

"உங்கம்மா கையப் பாரு. எந்தப் பக்கமாச் சுத்துது? அதான் புயல். குழவி நிக்கிற குழிதான் புயலோட கண்ணு."

பார்த்தேன். கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கம். புரிந்துவிட்டது என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்து அம்மாவுக்கு வலது கை வலித்தது. இடது கைக்கு மாற்றினாள். குழவி மறுபக்கமாகச் சுற்ற ஆரம்பித்தது.

"என்ன சித்தப்பா, இப்ப மாறுது?"

"மதினி தெக்கு அரைக்கோளத்துக்குப் போயிட்டாங்க" என்று சிரித்தார் சித்தப்பா.

"எங்கிட்டுப் போனாலும் மாவு நானேதான் ஆட்டணும்" என்றாள் அம்மா.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எந்தக் கை புயல், எந்தக் கை புயல் இல்லை என்று தலை சுற்றியது.

ஆனால் ஒன்றை அவர் நன்றாகச் சொல்லிக்கொடுத்தார், இல்லை என்று சொல்ல மாட்டேன். ரேடியோவில் புயல் எங்கே இருக்கிறது என்று சொல்வதைக் கேட்டு, வரைபடத்தில் புள்ளி வைத்துப் புள்ளிகளைச் சேர்ப்பது. அட்லஸில் எண்ணெய்த் தாளை வைத்து நானே கரையை வரைந்து எடுத்தேன். அந்த வாரம் வங்கக் கடலில் நிஜமாகவே ஒரு புயல் கிளம்பியது. மதுரையில் தூறல்தான். ஆனாலும் ஒவ்வொரு செய்திக்கும் ரேடியோவுக்கு முன்னால் தாளோடு உட்கார்ந்தேன். நான் அதுவரை கடலைக் கண்ணால் பார்த்ததில்லை. அந்தத் தாளில் மட்டும் கடல் எனக்குச் சொந்தமாக இருந்தது.

சித்தப்பாவுக்குப் பரீட்சை ஞாயிற்றுக்கிழமை, மெட்ராஸில். சனிக்கிழமை சாயங்காலம் அம்மா புளிச்சோறு கட்டிக்கொடுத்தாள். அப்பா பஸ் ஸ்டாப் வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார். கிளம்பும்போது சித்தப்பா என் தாளைப் பார்த்தார்.

"மெட்ராஸ் பக்கம் வருமா சித்தப்பா?"

"வரலாம்" என்றார். அவர் குரலில் பயம் இல்லை. வந்தால் நல்லது என்பதுபோல இருந்தது. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

ஞாயிறு மதியச் செய்தியில், புயல் வடக்கே நகர்ந்து ஆந்திரக் கரையைக் கடந்துவிட்டது என்றார்கள். கடைசிப் புள்ளியை வைத்துவிட்டு ஓடிப்போய் அப்பாவிடம் காட்டினேன். "மெட்ராஸுக்கு ஒண்ணுமில்லப்பா. சித்தப்பா பரீட்சை எழுதிருப்பாரு." அப்பா என் தலையைத் தடவினார்.

திங்கள் காலை சித்தப்பா வந்தார். பையைக் கீழே வைக்காமலே சொன்னார்.

"விழுப்புரத்துலயே வண்டிய நிப்பாட்டிட்டாண்ணே. புயலு. தண்டவாளமெல்லாம் தண்ணி. பரீட்சைக்குப் போய்ச் சேர முடியல."

அப்பா கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். "புயலுக்கு நாம என்ன செய்ய முடியும்? போய்க் குளி" என்றார்.

நான் தாளை எடுத்துக்கொண்டு வந்தேன். "இல்லப்பா, புயல் வடக்க ஆந்திராவுக்குப் போயிருச்சு. நேத்துக் காட்டுனேன்ல?"

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பெரியம்மா வாசலில் வந்து நின்றார். மகள் பிரசவத்துக்கு மெட்ராஸ் போயிருந்தவர், அன்றைக்குக் காலை ரயிலில்தான் திரும்பியிருந்தார். கையில் மிட்டாய்.

"பேரன் பொறந்திருக்கான். ரயில்ல என்னா கூட்டங்கிற! அம்புட்டுப் பேரும் கல்யாணத்துக்குக் கிளம்பினவுக மாதிரி. விழுப்புரத்துல எறங்கி ஒரு காப்பி குடிக்க முடிஞ்சுச்சா?"

"விழுப்புரத்துல தண்ணியா பெரியம்மா?" என்று கேட்டேன்.

"தண்ணியா? குடிக்கக்கூடக் கிடைக்கல."

அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். வலிக்க வைத்தாள். "பெரியவங்க பேசும்போது என்னடி குறுக்க?" பிறகு சித்தப்பாவுக்கு இலை போட்டாள்.

எனக்கு அழுகை வந்தது. தாளை அவர் முன்னால் நீட்டினேன். "நீங்க சொல்லிக்குடுத்த மாதிரிதான சித்தப்பா வச்சேன்?"

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. "பூராத் தப்பு. நீ தெக்கு அரைக்கோளத்துல புயலப் போட்டுட்ட" என்றார். அப்பா சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். பெரியம்மா எதற்கென்று தெரியாமலே சிரித்தார்.

மறுநாள் புவியியல் தேர்வு. புயலின் படம் வரைந்து காற்றின் திசையைக் குறிக்கச் சொல்லிக் கேள்வி. அம்மாவின் கை ஞாபகத்துக்கு வந்தது. எந்தக் கை என்றுதான் தெரியவில்லை. சரி என்று நான் நினைத்ததெல்லாம் தப்பாகிவிட்டதே, அப்படியானால் நினைத்ததற்கு நேர் எதிராகப் போடுவோம் என்று போட்டேன். டீச்சர் சிவப்பு மையில் 'இது தென் அரைக்கோளம்' என்று எழுதித் தந்தார். அதைப் பார்த்துச் சித்தப்பா, "அன்னைக்கே சொன்னேன்ல?" என்றார். என் தாளை அம்மா வத்தல் டப்பாவுக்கு அடியில் விரித்துவிட்டாள். அதற்குப் பிறகு நான் எந்தப் படமும் வரையவில்லை. பதினொன்றாம் வகுப்பில் படம் வரைய வேண்டாத குரூப்பாகப் பார்த்துச் சேர்ந்தேன். இன்றைக்கும் கடிகாரத் திசை என்று யாராவது சொன்னால் சுவரில் கடிகாரத்தைத் தேடுவேன்.

புயல் எங்கே போனது என்றுதான் அந்த வயதில் நான் தேடிக்கொண்டிருந்தேன். சித்தப்பா எங்கே போனார் என்று கேட்கத் தோன்றவில்லை. அப்பாவுக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரியும், மூன்று பேரும் சேர்ந்துதான் அந்தப் புயலைக் கரைக்கு இழுத்தார்கள் என்பதும் புரியவில்லை. மூன்றாவது தடவையும் தோற்றுவிடுவோம் என்று பயந்தாரா? அதற்காக நான் கோபப்படவில்லை, யாருக்கும் பயம் வரும். ஆனால் அவரைக் காப்பாற்ற என் படம்தான் கிடைத்ததா?

வருகிற தை மாதம் சித்தப்பாவுக்கு எழுபதாம் கல்யாணம். கே.கே. நகரில் மண்டபம். எந்த விசேஷம் என்றாலும் அவர் மைக்கைப் பிடித்து, புயல் தன்னைத் தடுத்த கதையைச் சொல்வார். எல்லாரும் கைதட்டுவார்கள். இந்தத் தடவை நான் முதல் வரிசையில் உட்காருவேன்.

சித்தப்பா, அந்த மைக்கிலேயே பதில் சொல்லுங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எங்கே இருந்தீர்கள்? அதைச் சொல்ல மனமில்லை என்றால் விடுங்கள். என் படம் சரி என்று மட்டும் அத்தனை பேர் காதிலும் விழும்படி சொல்லுங்கள்.